வில்லனுக்கு யார் முகம்?



"என்னடா இது, இந்த மாசம் காமிக்ஸ் பத்தியா பாடம்?" என்று சிலர் கேட்பீர்கள். ஆமாம், காமிக்ஸ் பத்தித்தான். ஸ்பைடர்மேன் படம் போட்ட பையைத் தூக்கிக்கிட்டுத் தமிழ்ப்பள்ளிக்குப் போனவங்க நாம. மார்வெல் படம் வந்தால் முதல் வாரமே டிக்கெட் வாங்குறவங்களும் நாமதான். இத்தனை வருஷம் கூடவே வளர்ந்த கதைகளைப் பற்றி ஒரு நாள் உட்கார்ந்து யோசிச்சா என்ன?

நான் இயந்திரவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். எங்கள் படிப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கருவியைக் கையில் கொடுத்தால், அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. இதைச் செய்தவர் எது நடந்துவிடக் கூடாது என்று நினைத்தார் என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கிற பிரஷர் குக்கரையே எடுத்துக்குங்க. மூடியில் விசில் இருக்கும். அது தவிர ஓரத்தில் சின்னதாக ஒரு பாதுகாப்பு வால்வும் இருக்கும். சோறு வேக அந்த வால்வு தேவையில்லை. விசில் துளை அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிக்குமே என்ற பயம் அதை அங்கே வைத்தது. அடுப்பு பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்ற அக்கறையும் அதே வால்வில்தான் இருக்கிறது.

சூப்பர் ஹீரோவையும் அப்படிப் பார்க்கலாம். ஒரு சமுதாயம் எதற்குப் பயப்படுகிறது, எதைக் காப்பாற்ற நினைக்கிறது என்ற இரண்டும் அந்தக் கதையில் பதிந்திருக்கும். இந்தப் பாடத்தில் சில ஹீரோக்களை அவர்கள் பிறந்த ஆண்டோடு சேர்த்துப் பார்ப்போம். அதற்குப் பிறகு, நம்மை நேராகத் தொடும் ஒரு கேள்விக்கு வருவோம். நம் பயத்துக்கு நாம் யாருடைய முகத்தை வரைகிறோம்?

சூப்பர்மேனின் முதல் எதிரி

சூப்பர்மேன் யாரோடு சண்டை போடுவார்? வேற்றுக் கிரகத்து ஆள், ராட்சத ரோபோ, லெக்ஸ் லூதர். இப்படித்தான் நாம் சொல்வோம். ஆனால் 1938 ஜூன் மாதத் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பார்த்தால் இவர்கள் யாருமே இல்லை. அந்தக் கதையில் சூப்பர்மேன் செய்யும் வேலைகள் இவை: செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் கடைசி நேரத்தில் காப்பாற்றுகிறார். மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடித்து நாலு சாத்து சாத்துகிறார். வாஷிங்டனில் ஊழல் செய்யும் ஒரு செனட்டரின் பின்னணியைத் தேடிப் போகிறார். அதே ஆண்டு வந்த மூன்றாவது இதழில் எதிரி ஒரு சுரங்க முதலாளி. பாதுகாப்பு வசதி இல்லாத சுரங்கத்தில் தொழிலாளிகளை இறக்கிவிட்டு, மேலே பார்ட்டி நடத்துகிறவர். சூப்பர்மேன் அவரையும் அவருடைய விருந்தாளிகளையும் அதே சுரங்கத்துக்குள் மாட்ட வைத்து, தொழிலாளியின் நிலைமையைப் புரிய வைக்கிறார்.

அந்தக் காலத்து அமெரிக்காவை நினைச்சுப் பாருங்க. 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. 1933-இல் ஏறக்குறைய நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. வங்கிகள் மூடின. பணக்காரனுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமோ என்ற சந்தேகம் சாதாரண மக்கள் மனசில் இருந்தது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்து நகரத்தில் வளர்ந்த இளைஞர்கள். இரண்டு பேருமே குடியேறி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். சீகலின் அப்பா துணிக்கடை வைத்திருந்தார். 1932-இல் கடையில் நடந்த கொள்ளைச் சம்பவத்தின்போது அவர் இறந்துபோனார். அந்தப் பிள்ளை எழுதிய கதையில் வரும் மனிதன் மேல் தோட்டா பட்டால் தெறித்து விழும். அவனும் வேறு உலகத்திலிருந்து குழந்தையாக வந்து சேர்ந்தவன்தான்.

அப்போது சூப்பர்மேனால் பறக்கக்கூட முடியாது. தாவ மட்டும்தான் முடியும். ஆனால் யாருக்காகத் தாவினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேட்க நாதியில்லாதவர்களுக்காக ஒருவர் வர வேண்டும் என்ற ஆசை அந்தத் தாவலில் இருந்தது.

ஹிட்லருக்கு விழுந்த குத்து

அடுத்து கேப்டன் அமெரிக்கா. முதல் இதழில் இருந்த தேதி 1941 மார்ச். கடைக்கு வந்தது 1940 டிசம்பரிலேயே. அட்டைப்படத்தில் அவர் ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்துகிறார். இன்னிக்கு நமக்கு இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அமெரிக்கா போரில் இறங்கவில்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததே 1941 டிசம்பரில்தான். ஐரோப்பாவின் சண்டையில் நாம் ஏன் தலையிடணும் என்று நினைத்த அமெரிக்கர்கள் ஏராளம். அந்த அட்டைப்படத்தை உருவாக்கிய ஜோ சைமனும் ஜேக் கர்பியும் யூதர்கள். இதழ் வெளிவந்த பிறகு அவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன.

இந்தக் கதையின் பயம் என்ன? ஹிட்லர் மட்டும் இல்லை. தன் சொந்த நாடு கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா நின்றுவிடுமோ என்ற பயமும்தான். பெரியவர்கள் சொல்லத் தயங்கியதைச் சின்னப் பிள்ளைகள் படிக்கும் பத்து காசு புத்தகம் ஒரு வருஷம் முன்பே சொல்லிவிட்டது.

ஒரே சிலந்தி, இரண்டு பயம்

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இது: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை, என்ன ஆகிறது என்று பார். ஸ்பைடர்மேன் கதையில் காலமே நமக்காக இந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறது.

1962 ஆகஸ்ட் மாத இதழில் பீட்டர் பார்க்கரைக் கடித்தது கதிரியக்கம் ஏறிய சிலந்தி. 2002-இல் வந்த திரைப்படத்தில் அவனைக் கடித்தது மரபணு மாற்றப்பட்ட சிலந்தி. பையன் அதே பையன், கடியும் அதே கடி. சிலந்திக்குள் இருந்தது மட்டும் மாறிப் போச்சு. ஏன்?

1962 அணுகுண்டுப் பயத்தின் காலம். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளப் பயிற்சி எடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஹல்க் பிறந்ததும் அதே 1962-இல்தான், காமா குண்டு வெடிப்பில். கதிரியக்கம் கண்ணுக்குத் தெரியாது. உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று சாதாரண ஆளுக்குப் புரியாது. அந்தப் புரியாத பயம் கதையில் சிலந்தியாகவும் பச்சை மனிதனாகவும் வந்தது.

நாற்பது வருஷம் கழித்து மக்கள் வேறொன்றைப் பற்றிப் பேசினார்கள். 1996-இல் டாலி என்ற ஆட்டுக்குட்டி குளோனிங் முறையில் பிறந்தது. 2000-இல் மனித மரபணு வரைபடத்தின் முதல் வடிவம் தயார் என்று அறிவித்தார்கள். உயிரையே திருத்தி எழுத முடியும் என்றால் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி வந்தது. சிலந்தியும் ஆய்வுக்கூடம் மாறிவிட்டது.

அயர்ன் மேன் கதையிலும் இப்படி ஒரு மாற்றம் உண்டு. 1963-இல் டோனி ஸ்டார்க் காயமடைந்தது வியட்நாமில், எதிரி வைத்த கண்ணியில். 2008 படத்தில் ஆப்கானிஸ்தான். பக்கத்தில் வந்து விழும் ஏவுகணையில் அவருடைய கம்பெனிப் பெயரே எழுதியிருக்கும். எதிரியின் ஆயுதத்தைப் பற்றிய பயம், நாமே செய்து விற்ற ஆயுதம் நம்மிடமே திரும்பி வருமோ என்ற பயமாக மாறியிருக்கிறது. பொறியியல் படிக்கிற எனக்கு அந்தக் காட்சி கொஞ்சம் உறுத்தும். நாளைக்கு நான் வரையும் ஒரு பாகம் எந்தக் கையில் போய்ச் சேரும் என்பதற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது.

மாறாத பகுதி

சிலந்தி மாறியது. பென் மாமா மட்டும் மாறவில்லை. 1962-லும் சரி, 2002-லும் சரி, பீட்டர் ஒரு திருடனைப் பிடிக்க முடிந்தும் "எனக்கென்ன" என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் அவனை வளர்த்தவரைக் கொன்றுவிடுகிறான். சக்தி இருந்தும் சும்மா இருந்ததுதான் அவன் வாழ்க்கை முழுக்கச் சுமக்கும் பாரம்.

பயம் காலத்துக்குக் காலம் சட்டை மாற்றுகிறது. மதிப்பு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. ஆகவே ஒரு கதையின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் வைத்து, எது மாறவில்லை என்று பாருங்கள். அந்தச் சமுதாயம் எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை என்று அங்கே தெரியும்.

நம் இதிகாசம் படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. மகாபாரதத்தில் போர் முடிந்த பிறகு அசுவத்தாமனும் அர்ச்சுனனும் ஒருவர் மேல் ஒருவர் பேரழிவு அஸ்திரத்தை ஏவுகிறார்கள். நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நின்று, திரும்பப் பெறச் சொல்கிறார்கள். அர்ச்சுனன் திரும்பப் பெறுகிறான். அசுவத்தாமனால் முடியவில்லை. ஏவத் தெரிந்தவனுக்கு அடக்கத் தெரியவில்லை. அந்த அஸ்திரம் உத்தரையின் வயிற்றில் இருந்த குழந்தையைத் தேடிப் போகிறது. கண்ணன் தலையிட்டுத்தான் பரீட்சித்து பிழைக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே குருதான் பாடம் சொன்னார். வித்தியாசம் அடக்கத்தில் இருந்தது.

ஒரு வேறுபாட்டையும் கவனியுங்க. அமெரிக்கக் காமிக்ஸில் சக்தி பெரும்பாலும் விபத்தாக வருகிறது: கடி, வெடிப்பு, கதிர். நம் புராணங்களில் அது பெரும்பாலும் தவத்தால் வருகிறது, அசுரனுக்கும் கூட. உழைத்துச் சம்பாதித்த சக்தியும் தப்பாகப் போகலாம் என்பது நம் கதைகள் தரும் எச்சரிக்கை. பட்டம் வாங்கப் போகிற நமக்கு இது பொருந்தும்.

காப்பாற்றுகிறவரைக் கண்டே பயம்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அரசு தன் மக்களைக் கண்காணிக்கும் அதிகாரத்தைச் சட்டம் போட்டுக் கூட்டியது. 2008-இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தில் ஜோக்கரைப் பிடிக்க பேட்மேன் ஒரு வழி செய்கிறார். நகரத்தில் இருக்கிற அத்தனை பேரின் கைப்பேசியையும் ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்றுகிறார். அவருக்கு உதவும் லூசியஸ் ஃபாக்ஸ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார், இது தப்பு, ஒரு மனிதனிடம் இவ்வளவு அதிகாரம் இருக்கக் கூடாது, இந்தக் கருவி இருக்கும்வரை நான் இங்கே வேலை செய்ய மாட்டேன் என்று. வேலை முடிந்ததும் கருவி அழிக்கப்படுகிறது.

இங்கே பயம் ஜோக்கரைப் பற்றி மட்டும் இல்லை. நல்லவர் என்று நம்பி அதிகாரத்தைக் கொடுத்தால் அவர் எங்கே நிறுத்துவார் என்பதைப் பற்றியும்தான். மதிப்பு ஃபாக்ஸ் வாயில் இருக்கிறது. தன்னோட பக்கத்து ஆளாக இருந்தாலும் "வேணாம்"னு சொல்ற தைரியம். நம் சங்கத்திலோ, குடும்பத்திலோ, நமக்குப் பிடித்த தலைவரிடமோ நாம் அப்படிச் சொல்வோமா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

வில்லனின் முகம்

இதுவரை பயத்தைப் பற்றிப் பேசினோம். அந்தப் பயத்துக்கு ஒரு முகம் வேண்டும். முகம் இல்லாமல் வில்லனை வரைய முடியாது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு நாள் மழை, விளையாட முடியவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, "ஒரு ஹீரோ, ஒரு வில்லன் வரைங்க" என்றேன். பத்து வயசுப் பையன் ஒருத்தன் ஹீரோவை வெள்ளையாக விட்டுவிட்டு, வில்லனுக்குக் கறுப்பு வர்ணத்தை அழுத்தி அழுத்திப் பூசினான். "ஏன் தம்பி, இவன் மட்டும் இவ்வளவு கறுப்பு?" என்று கேட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வில்லன்னா அப்படித்தானே அண்ணா இருப்பான்." அவன் கை அந்தத் தாளின் மேல் இருந்தது. அந்தக் கையும் அதே நிறம்தான், என் கையைப் போல.

அவனுக்கு இதை யாரும் பாடமாக எடுக்கவில்லை. பார்த்த படங்கள் எடுத்தன. படம் என்ன செய்ய முடியும் என்பதற்கு வரலாற்றிலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

1943-இல் பேட்மேன் முதன்முதலாகத் திரைக்கு வந்தார், 15 பாகத் தொடராக. வில்லன் டாக்டர் டாகா என்ற ஜப்பானியர். நடித்தவர் ஒரு வெள்ளைக்கார நடிகர், ஒப்பனை போட்டு. தொடரில் கதை சொல்லும் குரல், ஜப்பானியர்களை அவர்கள் குடியிருந்த பகுதியிலிருந்து அப்புறப்படுத்தியது அரசாங்கத்தின் புத்திசாலித்தனம் என்று பாராட்டும். அது கற்பனை இல்லை, அப்போது உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் வந்த அதிபர் உத்தரவுக்குப் பிறகு ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்கம்பி வேலி போட்ட முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பேட்மேன் ரசிகர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

ஜப்பான் ராணுவத்தைக் கண்டு பயந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. மலாயாவில் நம் கொள்ளுத்தாத்தா காலத்தவர்கள் பட்டது நமக்குத் தெரியும். சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தோட்டத் தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்லை. பயம் உண்மை. ஆனால் ஒரு ராணுவம் செய்ததற்கு, கலிபோர்னியாவில் காய்கறி பயிரிட்ட குடும்பத்தின் முகத்தை வரைந்தது அநியாயம். 1988-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்பு கேட்டது, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் இழப்பீடும் கொடுத்தது. அதற்குள் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அதே சூப்பர் ஹீரோ கதைதான் வேறு பக்கமும் திரும்பியது. 1946-இல் சூப்பர்மேன் வானொலி நாடகத்தில் ஒரு தொடர் வந்தது. ஒரு சீனக் குடும்பம் நகரத்துக்குக் குடிவருகிறது. அவர்கள் மகன் டாமி லீ பேஸ்பால் குழுவில் நன்றாக ஆடுகிறான். அதனால் தன் இடத்தை இழந்த ஒரு பையனுக்குப் பொறாமை. அவனுடைய மாமா முகமூடி போட்ட இனவெறிக் கும்பலின் தலைவர். கும்பல் லீ வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்துகிறது. சூப்பர்மேன் யார் பக்கம் நின்றார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தடவை வில்லன் பக்கத்து வீட்டுக்காரர், முகமூடியைக் கழற்றினால் வானொலி கேட்கும் பிள்ளைகளின் சொந்த மாமா மாதிரி இருப்பார். அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல். 2019-இல் ஜீன் லுவென் யாங் என்ற சீன வம்சாவளி அமெரிக்க எழுத்தாளர் இந்தக் கதையை மறுபடி காமிக்ஸாக எழுதத் தொடங்கினார். படம் வரைந்தது ஜப்பானிய ஓவியர்கள் இருவர். ஒரு காலத்தில் வில்லனாக வரையப்பட்டவர்களின் கைக்குப் பென்சில் வந்து சேர்ந்தது.

பிரகலாதனும் சூரபத்மனும்

"நம்ம புராணத்திலயும் அசுரன், தேவன் என்று பிரிக்கலையா?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நல்ல கேள்வி. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

பிரகலாதன் யார் பிள்ளை? இரணியனின் பிள்ளை. அசுர குலம். விபீடணன் யார் தம்பி? இராவணனின் தம்பி. பிறப்பு ஒருவனை முடிவு செய்துவிடும் என்றால் இந்த இரண்டு பேருக்கும் கதையில் இடமே இருந்திருக்காது. நரசிம்மம் தூணிலிருந்து வந்தது இரணியனின் ஆணவத்தை அழிக்க. அதே வீட்டில் வளர்ந்த பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள.

கந்தபுராணத்தில் சூரபத்மன் கடைசியில் மாமரமாக நிற்கிறான். முருகன் வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயிலாகிறது, ஒரு பாதி சேவலாகிறது. ஒன்று வாகனம், ஒன்று கொடி. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகும்போது எத்தனை மயிலிறகுக் காவடிகளைப் பார்க்கிறோம்! நாம் கும்பிடும் அந்த மயில் நேற்றுவரை எதிரி. எதிரியை ஒழித்துக்கட்டுவதோடு கதை முடிவதில்லை, அவனை மாற்றிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதில் முடிகிறது. எத்தனை ஹாலிவுட் படத்தில் இப்படி ஒரு முடிவைப் பார்த்திருக்கோம்?

அசுரத்தனம் குணத்தில் இருக்கிறது, குலத்தில் இல்லை. இதை மறந்துவிட்டு, பிடிக்காதவர்களையெல்லாம் அசுரன் என்று கூப்பிட ஆரம்பித்தால் நாமும் டாக்டர் டாகா படம்தான் எடுக்கிறோம்.

நம் ஊர் ஹீரோக்கள்

மலேசியாவுக்கு வருவோம். 1990-களின் இறுதியில் ஆர்.டி.எம்.மில் 'கெலுவாங் மேன்' என்ற கார்ட்டூன் வந்தது. பெரியண்ணன், பெரியக்கா வயசுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஹீரோ யார்? தம்போய் மனநல மருத்துவமனையில் இருக்கும் ஒரு நோயாளி. ராத்திரியானால் வெளவால் உடை போட்டுக்கொண்டு ஊரைக் காக்கக் கிளம்புவார். சிரிப்புக் கதைதான். ஆனால் நாம் கேலி பேசி ஒதுக்கும் ஒருத்தர் முகத்தை ஹீரோவுக்குக் கொடுத்தார்களே, அதைக் கவனியுங்க.

2011-இல் வந்த 'போபோய்பாய்' நமக்கெல்லாம் தெரியும். அவன், யாயா, யிங், கோபால். வேற்றுக் கிரகத்து அடுடு கோகோவைத் திருட வருவான், இந்த நண்பர்கள் தடுப்பார்கள். ஆளுக்கொரு இனம், ஒரே குழு. இந்த நாடு தன்னைப் பற்றி என்ன ஆசைப்படுகிறது என்று அந்தக் குழுவிலேயே தெரிகிறது. நம்ம கோபால் அதில் எப்படி வருகிறான்? எதற்கெடுத்தாலும் பயப்படுவான், சாப்பாடு என்றால் உயிர், பொருள்களை உணவாக மாற்றுவதுதான் அவன் சக்தி. நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அவன் இல்லாவிட்டால் அந்தக் குழுவே களை இழந்துவிடும். ஆனாலும் "சிரிப்புக்கு ஒரு இந்தியன்" என்ற இடம் மட்டும் நமக்குப் போதுமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. குறை சொல்லிக்கொண்டு உட்காருவதை விட, அனிமேஷன், எழுத்து, கேமரா என்று அந்தத் துறைக்குள் நம் பிள்ளைகள் போவது நல்லது.

திரைக்கு வெளியேயும் நமக்கு ஒரு முகம் வரைந்து வைத்திருக்கிறார்கள். நாலு இந்தியப் பையன்கள் சேர்ந்து நின்றால் "கேங்" என்ற பார்வை வரும். பல்கலைக்கழகம் பக்கத்தில் வாடகை அறை தேடி ஒரு வீட்டுக்காரருக்கு நான் போன் செய்தபோது, பெயரைச் சொல்லும்வரை அறை காலியாக இருந்தது. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதே வாரம் எங்கள் தாமானில் ஒரு வீட்டில் திருடு போனது. யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கடைவீதியில் நம்மவர்களே பேசிக்கொண்டார்கள்: "எல்லாம் அந்த பங்களாக்காரனுங்க வேலைதான்." வீடு கட்ட வந்த வங்காளதேசத் தொழிலாளிகள் மேல் பழி போச்சு. நம் பாட்டன் பூட்டனும் ஒரு காலத்தில் கப்பலில் கூலியாக வந்து இறங்கியவர்கள்தான். யாரோ நம்மை வரைகிறார்கள், நாம் இன்னொருவரை வரைகிறோம். பென்சில் மட்டும் கை மாறுகிறது.

இனிமேல் பார்க்கும்போது

படம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் பார்ப்பேன், முதல் வாரமே. பார்த்துவிட்டு மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது மூன்று கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. இந்தக் கதை எதற்குப் பயப்படுகிறது? வில்லனின் திட்டம் என்ன, அவனுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். படம் வந்த ஆண்டில் செய்திகளில் என்ன இருந்தது என்றும் சேர்த்துப் பாருங்கள்.

2. ஹீரோ முடிந்தும் செய்யாத வேலை எது? எந்த இடத்தில் தன் சக்தியை அடக்கினார்? அந்தக் கதையின் மதிப்பு அங்கேதான் இருக்கும். அப்படி ஒரு இடமே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. வில்லனுக்கு யார் முகம்? அவனுடைய நிறம், பேச்சு, உடை, ஊர், உடல் குறை எல்லாம் யாரை ஞாபகப்படுத்துகின்றன? அந்த மக்களில் ஒருவர் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படம் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

வகுப்பு நடத்தும் அண்ணன், அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளுக்குத் தாளும் வர்ணமும் கொடுங்கள். இந்தத் தடவை, மயிலாக மாறக்கூடிய ஒரு வில்லனை வரையச் சொல்லுங்கள். அவன் எதனால் கெட்டவன் ஆனான், எது அவனை மாற்றும் என்று ஒவ்வொருவரையும் இரண்டு வரி எழுத வையுங்கள். எழுதியதை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று நமக்கும் அப்போதுதான் தெரியவரும்.